‘டீச்சரம்மா கோபம்’ கிளம்பிய மாலை

பெங் அண்ணனுக்குத் தொண்டை போய்விட்டது என்ற சேதி வாணத் திடலுக்கு வந்து சேர்ந்தபோது, சீப்ரை பாயில் உட்கார்ந்து ஒரு சுட்ட கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதுவும், வாணம் ஏற்றும் மூங்கில் சாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு ஊர் ஜனமும் சாரத்தையே அண்ணாந்து பார்த்திருக்க, ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் காய்ந்த வயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் வேறு ஊரில் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நோங் பூவாவில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் புன்ஹோம், அவளுடைய புது மிக்சியில் வாணத்துக்குக் கரி அரைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. பேச்சுதான் இல்லை, சோறு உண்டு. ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை அவன் முன்னால் அவள் வைக்கும்போது எழும் ‘டொம்’ சத்தம் பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடப் பழகிவிட்டது.

சீப்ரை மாவட்டப் பள்ளியில் வேதியியல் டீச்சர். புன்ஹோம் டிராக்டர் மெக்கானிக். ஆனால் வாணத் திருவிழா வரும் ஆறாம் மாதம் பிறந்துவிட்டால் அவன் மெக்கானிக் இல்லை, புருஷனும் இல்லை, மனுஷன்தானா என்பதே சந்தேகம். வாணக்காரன், அவ்வளவுதான். மழைக்கு அதிபதியான பயா தேனுக்கு வானத்தில் சேதி சொல்ல வேண்டிய மொத்தப் பொறுப்பும் தன் தலையில் இருப்பதுபோல் அலைவான்.

ஊர்த்தலைவர் கம்பூன் கையில் மைக்கோடு வியர்க்க விறுவிறுக்க அவள் பாயருகே வந்து நின்றார். கழுத்தில் வாடிய மாலை. பின்னாலேயே பெங் அண்ணன். இருபது வருஷமாக வாணத் திருவிழாவுக்கு மைக் பிடித்த மனிதர், முந்தின ராத்திரி பாட்டுக் குழுவோடு சேர்ந்து விடிய விடியப் பாடியதில் இப்போது வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

“டீச்சர், ஒரு உதவி.”

“மாட்டேன்.”

“என்னன்னே இன்னும் சொல்லலையே!”

“உங்க கையில மைக் இருக்கு, அண்ணன் வாயில சத்தம் இல்ல. இதுல என்ன புரியாம இருக்கு?”

“ரெண்டு ஊரு ஜனம் உக்காந்திருக்கு டீச்சர். மைக்ல பேச்சு இல்லன்னா எழவு வீடுகூட இதவிடக் கலகலப்பா இருக்கும்.”

“பெங் அண்ணன் பாடுற பாட்டெல்லாம் எனக்கு வராது. நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகணும்.”

“பாட வேணாம்மா. கண்ணுல படறதச் சொல்லு, போதும்.”

சீப்ரை கோழிக்காலைக் கீழே வைத்தாள். “கண்ணுல படறத, அப்படியே?”

“அப்படியே.”

“அந்த ஆளோட வாணம் ஏறும்போதும்?”

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அது கடைசி வாணம். அதுக்குள்ள பெங்குக்குத் தொண்டை திறந்துடும்.”

பெங் அண்ணன் தலையை ஆட்டி ‘க்ர்ர்’ என்றார். சீப்ரை விரல்களை நக்கித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மைக் மேடை சாரத்திலிருந்து நல்ல தூரத்தில், ஒரு வரப்பின் மேல் மூங்கில் கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தது. மேலே ஏறினால் முழுத் திடலும் தெரிந்தது. தென்னை உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும் சாரம், அதன் அடியில் எறும்புபோல் ஏறி இறங்கும் ஆட்கள், சாரத்துக்கு இந்தப் பக்கம் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு மிதித்து வைத்த சேற்றுக் குழி. வாணம் சரியாக ஏறாவிட்டால் அதைச் செய்தவர்கள் அந்தக் குழிக்குள் போக வேண்டும். ஏறாமல் சேற்றில் விழுவதைப் பார்க்கத்தான் பாதி ஜனம் வருகிறது என்று பெங் அண்ணன் ஒவ்வொரு வருஷமும் மைக்கில் சொல்வார்.

சீப்ரை மைக்கைத் தட்டினாள். ‘ஙொய்’ என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மாணவர்களே...”

திடலே சிரித்தது. அவளுக்குக் காது சூடானது. நல்லவேளையாக அதற்குள் சாரத்தில் முதல் வாணத்துக்குத் திரி வைத்துவிட்டார்கள். அது பக்கத்து ஊரான ஹுவாய் காயின் வாணம். செய்தவன் தவீ, தொப்பையும் தொண்டையும் ஒரே அளவு பெரிதான ஆள். அவனும் அவன் ஆட்களும் ஏணியில் சறுக்கி இறங்கி ஓடினார்கள்.

வாணத்தின் வாயிலிருந்து புகை முதலில் தரையைப் பார்த்துக் குதித்தது. தரையில் பட்டு இரண்டு பக்கமும் உருண்டது. சீப்ரை அதை உற்றுப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை வெடியுப்பையும் கரியையும் வைத்து அவள் எத்தனையோ முறை காட்டிய அதே புகை. இங்கே பனைமரத் தடிமனுக்கு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“புகையப் பாருங்க. கறுப்பு கலந்து வருது. கரி முழுசா எரியாம அப்படியே வெளிய துப்புது. மருந்து சரியா இடிபடல. தவீ அண்ணே, இது மரத்தத் தாண்டாது. சட்டையக் கழட்டி பத்திரமா வெச்சுக்குங்க!”

வாணம் கிளம்பியது. மர உயரத்துக்குப் போனது. அங்கே நின்று யோசித்தது. பிறகு பெரிய மனிதரைக் கண்டதுபோல் குனிந்து, வயலில் போய்க் குத்தி நின்றது.

அப்புறம் எழுந்த கூச்சலில் தார்ப்பாய் படபடத்தது. தவீயை நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிச் சேற்றில் போட்டார்கள். அவன் எழுந்து, கண் மட்டும் தெரிய, மேடையைப் பார்த்துக் கை நீட்டினான்.

“டீச்சர் வாய் வெச்சா விளங்குமா!”

“நான் வாய் வெக்கல அண்ணே, கண்ணு வெச்சேன்!” என்றாள் சீப்ரை. சொன்ன பிறகுதான், தானா இப்படிப் பேசினோம் என்று இருந்தது.

இரண்டாவது வாணம் வேறு மாதிரி. வாயை ஒட்டிப் புகையே இல்லை, கூரான ஆரஞ்சு நாக்கு ஒன்றுதான். ஒரு முழம் தள்ளித்தான் புகை பிறந்தது, பளிச்சென்று பஞ்சு வெள்ளையில்.

“இது போகும்!” என்று கத்தினாள். “எழுதி வெச்சுக்குங்க, இது போகும்! அந்த வெள்ளையப் பாருங்க. அது கரிப்புகை இல்ல. வெடியுப்பு எரிஞ்சு, பொடிப் பொடியா, கண்ணுக்குத் தெரியாத உப்பா மாறி காத்துல நிக்குது. கோடி கோடியாத் தூள்! சூடா இருக்கும்போது தெரியாது. ஆறினாத்தான் வெளுக்கும். அதான் வாய்கிட்ட நெருப்பு மட்டும் தெரியுது.”

வாணம் போனது. கழுத்து வலிக்கும்வரை போனது. மேடைக்குக் கீழே உரலில் பப்பாளிக்காய் இடித்து விற்றுக்கொண்டிருந்த அக்கா உலக்கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து கேட்டாள்.

“டீச்சர், உப்புன்னா, அந்தப் புகைய நக்கினா கரிக்குமா?”

“கரிக்காதுக்கா. சாம்பல் தண்ணி மாதிரி, சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும்.”

“நக்கிப் பாத்திருக்கியா நீ?”

“எம் புருஷன் சட்டையத் தொவைக்கிறேனே, அது போதாதா?”

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சாரத்தின் அடியில், நீலச் சட்டையில் ஓர் ஆள் தன் சட்டைக் கையை மோந்து பார்ப்பது தெரிந்தது. சீப்ரை சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். ஆனால் உதடு அவள் சொன்னபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. புகை கொடி சுற்றுவதுபோல் சுழன்று போனதைப் பார்த்து, “வால் மூங்கில் கோணல், தலை சுத்தி விழும்” என்றாள். விழுந்தது. விட்டு விட்டுப் புகை வந்ததைப் பார்த்து, “மருந்து நடுவுல விரிசல், இருமிக்கிட்டே போகும், பாதியில வெடிக்கும்” என்றாள். வெடித்தது. சேற்றுக் குழி நிரம்பி வழிந்தது. கீழேயிருந்து, “டீச்சர், இது எப்படி?” “டீச்சர், அது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேன் என்ற மூங்கில் குழலை ஊதுகிறவர்கள் அவள் சொல்லி முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று ஊதினார்கள். பெங் அண்ணன் சத்தமில்லாமல் கைதட்டினார். அரிசிச் சாராயம் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமலே சீப்ரைக்குத் தலை கிறுகிறுத்தது. வகுப்பில் நாற்பது பேர் கொட்டாவி விட்டுக் கேட்ட அதே பாடம்தான். இங்கே இரண்டு ஊர் கேட்டு ஆடிக்கொண்டிருந்தது.

தவீயின் தலைமையில் சேற்று மனிதர்கள் மேடைக்கு ஊர்வலமாக வந்தார்கள்.

“டீச்சர், ஒரு நியாயம் வேணும். எங்க வாணம் தப்பினா நாங்க சேத்துல இறங்குறோம். உன் பேச்சு தப்பினா?”

“தப்பாது.”

“தப்பினா?”

மைக் திறந்தே இருந்தது. இரண்டு ஊரும் அவள் வாயையே பார்த்தது.

“இறங்குறேன்!” என்றாள் சீப்ரை. “தலைகீழா இறங்குறேன்!”

*

கடைசி வாணத்தைச் சாரத்தில் ஏற்றும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பெங் அண்ணன் மைக்கை வாங்கி ஒருமுறை முயன்று பார்த்தார். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. மைக்கை அவளிடமே கொடுத்துவிட்டார்.

“அடுத்தது, இன்னிக்குக் கடைசி வாணம். ஊர், நோங் பூவா. பெயர்...”

மேசையில் கிடந்த தூரக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். நீலக் குழாயின் பக்கவாட்டில் சிவப்புச் சாயத்தில் பெரிய பெரிய எழுத்துகள். படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெங் அண்ணன் அவள் கையிலிருந்து தூரக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்து, சத்தமே வராமல் சிரித்து, நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

“பெயரச் சொல்லு டீச்சர்!”

“எழுத்துக் கூட்டிப் படி!”

“பெயர்...” என்றாள் சீப்ரை, பல்லைக் கடித்துக்கொண்டு, “டீச்சரம்மா கோபம்.”

நாய்கள் குரைக்க ஆரம்பித்தன, அவ்வளவு சத்தம். அது கொஞ்சம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“இந்த வாணத்தச் செஞ்ச ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. எங்கயோ பாத்த முகம் மாதிரி இருக்கு.”

சாரத்தின் உச்சியில் ஏணிப்படியில் காலைக் கோத்து நின்றிருந்த புன்ஹோம், கையில் இருந்த குழல் ஒலிபெருக்கியைத் தூக்கினான். அவன் வாய் அசைவது முதலில் தெரிந்தது, குரல் பிறகுதான் வந்து சேர்ந்தது.

“காலைல சோறு வெச்சியே, அந்த முகம்தான்!”

“நான் நாய்க்கு வெச்சேன்!”

“அதான் நாய் என்னை மொறைச்சுதா!”

“எதுக்கு இந்தப் பேரு?”

“பொருத்தமா இருக்கேன்னு வெச்சேன்! சட்டுனு கெளம்பும், லேசுல இறங்காது!”

ஆண்கள் பக்கம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் பக்கம், “விடாத டீச்சர், குடு!” என்று கூவியது. அவள் பதில் கொடுப்பதற்குள் தலைவர் கம்பூன் கைபேசியைக் காதில் வைத்தபடி ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினார். விமான நிலையத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். மாலை விமானம் தாமதமாக வருகிறது, அது கடந்து போகும்வரை எதுவும் மேலே போகக் கூடாது.

ஆக, காத்திருக்க வேண்டும். சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. மைக் அவள் கையில், ஒலிபெருக்கி அவன் கையில், நடுவில் இரண்டு ஊர்.

“எம் மிக்சியில அரைச்ச கரிதானே உள்ள இருக்கு?”

“அதேதான்! முகத்துக்குப் பூசுற மாவு மாதிரி! அந்த மிக்சிய கும்புடணும்!”

அவன் பெருமையோடு சொன்ன அந்த வார்த்தையைச் சீப்ரை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மாவு மாதிரி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே சாரத்தில் ஒரு குழாய் பிளந்தது. அவன் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் இப்போதும் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். ராத்திரி தூக்கத்தில் அது அவள் மேல் படும்போதெல்லாம் அவள் விழித்துக்கொள்வாள்.

“யோவ்,” என்றாள். மைக்கில்தான் பேசுகிறோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. “மாவா அரைச்சா எவ்ளோ வேகமா எரியும்னு தெரியுமா உனக்கு? அத்தன புகையும் ஒரே நேரத்துல பொறக்கும். அதுக்கு வெளிய வர வழி வேணாமா? வழி இல்லன்னா கொழாயப் பொளந்துக்கிட்டு வரும். அன்னிக்கு வந்துச்சே, உன் கையத் தின்னுச்சே! மிக்சி என்னய்யா மிக்சி, கடையில இன்னொண்ணு இருக்கும். நான் எந்தக் கடையில போய் உன் கையக் கேப்பேன்?”

திடலில் சத்தம் நின்றது. கோழி சுடுகிற கரியடுப்பில் கொழுப்பு சொட்டுவது மட்டும் கேட்டது. பப்பாளிக்காய் அக்கா தலைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

புன்ஹோம் ஒலிபெருக்கியைத் தூக்கினான். இந்த முறை கத்தவில்லை.

“வாய அகலமாக் கொடைஞ்சிருக்கேன் சீப்ரை. அன்னிக்கு நீ சண்டை போடும்போதே கத்தினியே, புகைக்கு வழி விடுடா மூடான்னு. மறுநாளே கொடைஞ்சுட்டேன். திரியும் நீளம். பசங்க எல்லாரும் எறங்கிட்டாங்க, பாரு. பத்தவெச்சுட்டு நானும் ஓடி வந்துடுவேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். அதுவும் மைக்கில் கேட்டது.

“எவ்ளோ அகலம்?”

“ரெண்டு விரல்!”

“உன் வெரலா, என் வெரலா?”

“என்னோடது!”

திடலின் ஒரு மூலையில் யாரோ ஊளையிட்டார்கள். அது மற்ற மூலைகளுக்குப் பரவியது. எதற்கு ஊளை என்று சீப்ரைக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் முகத்தை மைக்கால் மறைத்துக்கொண்டாள். பெங் அண்ணன் மேசையில் நெற்றியை முட்டி முட்டி அழுதுகொண்டே சிரித்தார். இருபது வருஷத்தில் அவர் பாடிய எந்தப் பாட்டுக்கும் இவ்வளவு வரவேற்பு கிடைத்ததில்லை.

விமானம் விளக்கு மினுக்கிக்கொண்டு தலைக்கு மேல் போனது. இரண்டு ஊரும் எழுந்து நின்று அதற்குக் கையாட்டியது. சூரியன் அதற்குள் மறைந்துவிட்டது. தலைவர் கையில் பச்சைக் கொடி எழுந்தது.

புன்ஹோம் திரியைப் பற்றவைத்தான். ஏணியில் சறுக்கினான். ஓடினான். வரப்பில் தடுக்கி விழுந்தான். சீப்ரையின் உயிர் ஒருமுறை போய் வந்தது. எழுந்து மறுபடியும் ஓடி மண் மேட்டுக்குப் பின்னால் விழுந்தான்.

திரி உள்ளே போனது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாணத்தின் வாயில் புகை வந்தது. சாம்பலும் மஞ்சளுமாக, அழுக்காக. ஒருமுறை துப்பியது, நின்றது. மறுபடி துப்பியது.

“போச்சு,” என்றாள் சீப்ரை. “அது புகை இல்ல, பாதி நீராவி. ஈரம்! மூச்சு முட்டுது. விட்டு விட்டு வருது. இது ஏறாது! ஏறவே ஏறாது! யாரும் கிட்டப் போகாதீங்க, பின்னால வாங்க, எல்லாரும் பின்னால...”

சாரம் காணாமல் போனது.

அடியிலிருந்து உச்சிவரை ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு விளக்கு எரிவதுபோல் ஆரஞ்சு வெளிச்சம் ஊறி, கிழித்துக்கொண்டு மேலே வந்தது. சத்தம் அப்போதுதான் மேடையை எட்டியது. காதில் கேட்கவில்லை அது, நெஞ்சில் இடித்தது. பப்பாளிக்காய் உரல் தரையில் குலுங்கியது. குழாயின் வாயில் நீளமாக, அசையாமல், கூராக ஒரு நெருப்பு. அதற்குக் கீழே சுத்தமான வெற்றிடம். அதற்கும் கீழே, அவள் அன்று முழுக்கப் பார்க்காத வெள்ளை.

“தப்பு!” என்று அலறினாள். “தப்பு! தப்பு! நான் சொன்னது தப்பு!”

மூங்கில் தளத்தின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூங்கில் முறிந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

“காத்திருந்ததுல வாய்ப்பக்க மருந்து ஈரம் குடிச்சிருக்கு, அதத்தான் துப்பியிருக்கு! உள்ள அத்தனையும் காஞ்ச மாவு! பாருங்கய்யா! பாருங்க அந்தப் புகைய! எவ்ளோ நேரா... அம்மாடி... போ! போ! போ!”

“போ! போ!” என்று இரண்டு ஊரும் கத்தியது. தவீயும் கத்தினான்.

வாணம் மங்கலான மாலை வானத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு ஏறியது. அப்போது நடந்தது அது. ஓர் உயரத்தைத் தாண்டியதும் அந்தக் கோட்டின் நுனி திடீரென்று பற்றிக்கொண்டதுபோல் பொன்னாக மாறியது. கீழே சாம்பல், மேலே பொன், நடுவில் கத்தியால் வெட்டிய எல்லை. வாணம் ஏற ஏறப் பொன் நீண்டது. எத்தனையோ வருஷமாக வாணம் விடும் ஊர் அது. வெயில் இருக்கும்போதே எல்லாவற்றையும் விட்டு முடித்துவிடுவார்கள். சூரியன் மறைந்த பிறகு இவ்வளவு பெரிய வாணம் போய் யாரும் பார்த்ததில்லை. கத்திக்கொண்டிருந்த வாய்கள் அப்படியே திறந்தபடி நின்றன.

இரண்டு ஊரும் மேடையைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் சொல்வாள் என்று. டீச்சர் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நெருப்பு அணைந்தது. புகைக்கோடு அந்த இடத்தில் முடிந்தது. “மருந்து தீந்துடுச்சு,” என்றாள் மெல்ல. “ஆனா அது நிக்காது. வேகம் இருக்கு, இன்னும் போய்க்கிட்டே இருக்கும். நமக்குத்தான் தெரியல.”

*

வாணம் எங்கே இறங்கியது என்பது கைபேசியில்தான் தெரிந்தது. ஹுவாய் காயிலிருந்து ஒரு பெண் கம்பூனை அழைத்துக் கத்தியது, கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் எல்லாருக்கும் கேட்டது. “எங்க எருமைக் குட்டையில குழாய் ஒண்ணு வந்து விழுந்துருக்கு! எருமை ஒண்ணுகூட இங்க இல்ல! வந்து நீங்களே தேடிப் புடிச்சுக் குடுங்க!”

“பக்கத்து ஊர் வரைக்கும் போயிருக்குய்யா!” என்று கூத்தாடினார் தலைவர். “எவ்ளோ நேரம்? நேரம் சொல்லுங்க!”

எந்த வாணம் எவ்வளவு நேரம் வானில் நிற்கிறது என்று பார்த்துத்தான் போட்டியில் வரிசை; அந்த நேரம் பார்க்கிறவர், பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அவர் பொத்தானை அழுத்தவே இல்லை. டீச்சர் ஏறாது என்று சொன்னதும் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஏறியதும் எல்லாரையும்போல் குதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். நேரம் இல்லாத வாணத்துக்கு வரிசையில் இடம் இல்லை. வரிசையில் இடம் இல்லாத வாணம், விதிப்படி, ஏறாத வாணம். ஏறாத வாணத்தைச் செய்தவன் எங்கே போக வேண்டும் என்பதைத் தவீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் மைக்கை வாங்கிச் சொன்னான்.

“வாணம் ஏறலைன்னா புருஷன் சேத்துல. ஏறிட்டா பொண்டாட்டி சேத்துல. இது ஏறியும் ஏறல. ரெண்டு பேரையும் தூக்குங்கடா!”

சீப்ரை ஓடவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெங் அண்ணனிடம் கொடுத்தாள். பெண்கள் கூட்டமாக வந்து அவளைத் தூக்கினார்கள், வானத்தையே பார்த்துக்கொண்டு போனாள். எதிர்ப்பக்கமிருந்து புன்ஹோமை ஆண்கள் தூக்கிவந்தார்கள். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி ஒரே நேரத்தில் வீசினார்கள்.

சேறு வெதுவெதுப்பாக இருந்தது. அவள் எழுந்து கண்ணைத் துடைத்தபோது ஒரு கை தூரத்தில் புன்ஹோம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் முதல் காரியமாக அவன் இடது கையைப் பிடித்து, சேற்றை வழித்து, புதிதாக எதுவும் படவில்லை என்று பார்த்தாள். பிறகு வலது கையை. பிறகு ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி அவன் தலையில் அப்பினாள்.

“இது எதுக்கு?”

“நான் மூடான்னு கத்தினதக் கேட்டு மறுநாளே கொடைஞ்சியே, அத எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?”

“நீதான் பேசவே இல்லையே! யார்கிட்ட சொல்றது, சோத்துக் கூடைகிட்டயா?”

அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி நிற்காமல் வந்தது. அவன் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்தபடியே தலையைப் பின்னால் சாய்த்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

“சீப்ரை, அங்க பாரு. கோணிக்கிச்சு.”

மேலே அந்தப் புகைக்கோடு நேராக இல்லை. கீழ்ப்பகுதி ஒரு பக்கம் நகர்ந்திருந்தது, நடுப்பகுதி எதிர்ப்பக்கம். உச்சி மட்டும் சுருண்டு, பொன் போய்ச் செம்பாகச் சிவந்திருந்தது.

“காத்து,” என்றாள். “ஒவ்வொரு உயரத்துல ஒவ்வொரு பக்கம் அடிக்குது. நமக்குத் தெரியாது. புகை போனாத்தான் தெரியும்.”

“மேல மட்டும் ஏன் செவப்பு?”

“நமக்குத்தான் சூரியன் எறங்கிடுச்சு. அதுக்கு இன்னும் எறங்கல. அங்க நின்னு பாத்தா இப்பவும்...”

தவீ ஒரு வாளிச் சேற்றை அவள் தலையில் கவிழ்த்தான். அவள் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

“...இப்பவும் வெயில் அடிக்கும். பூமியோட நிழல் கீழருந்து ஏறி வருது. பாரு, அந்தக் கோடு. கொஞ்சம் கொஞ்சமா மேல போகுது பாரு.”

அவன் பார்த்தான். குழியைச் சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். வாளியோடு தவீயும் அண்ணாந்தான். சாம்பல் நிறம் மெல்ல மேலேற, சிவப்பு சுருங்கிக்கொண்டே போனது. ஒரு முழத் துண்டு, ஒரு விரல் துண்டு. “இன்னும் இருக்கு,” என்றாள் சீப்ரை, சேற்று விரலால் காட்டி. “இன்னும் இருக்கு.” பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது. “இன்னும் இருக்கு பாரு.”

அது அணைந்ததும் கேன் குழலும் மத்தளமும் ஒன்றாக எழுந்தன. புன்ஹோம் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தான். இழுத்ததில் அவளுடைய செருப்பு ஒன்று சேற்றுக்குள் தங்கிவிட்டது. மற்றதையும் உதறிவிட்டு வெறுங்காலோடு ஆடப் போனாள்.